தோளைத் தட்டும் வேலை

எங்கள் வண்டியை நிறுத்திய இடத்திலெல்லாம் யாராவது வந்து எட்டிப் பார்த்தார்கள். ஆத்தூர் தாண்டி ஒரு டீக்கடையில், "சினிமா கேரவனா? யாரு நடிக்கிறாங்க?" என்று கேட்டார்கள். வேப்பந்தட்டையில் ஒருவர் ரத்த தான முகாம் என்று நினைத்துச் சட்டைக் கையை மடித்துக்கொண்டே வந்துவிட்டார். நாங்கள் இரண்டு பேர், கணவன் மனைவி, இதில் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறோம் என்று சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. "வூடு இல்லீங்களா?" என்று மட்டும் கேட்டார்கள்.

வீடு இருக்கிறது, ஓசூரில். முப்பத்தொரு வருஷம் அங்கே ஒரு தொழிற்சாலையில் என் கணவர் வேலை பார்த்தார். நான் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தின் ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. முன்பெல்லாம் இதைச் சொல்ல வந்தால் பேச்சை மாற்றிவிடுவேன். இப்போது கதவு எண் சொல்வதுபோலச் சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு வேலை பிரஸ் ஷாப்பில். இரும்புத் தகட்டை அடித்து வளைக்கும் பெரிய பெரிய மிஷின்கள். நாளுக்கு எட்டு மணி நேரம் அந்தச் சத்தத்தில் நிற்க வேண்டும். காதுக்கு அடைப்பான் கொடுத்தார்கள். வியர்வையில் நமைக்கிறது என்று அவர் போட மாட்டார். ஐம்பது வயதில் டிவி சத்தத்தைக் கூட்ட ஆரம்பித்தார். பிறகு காலிங் பெல் கேட்கவில்லை. பிறகு போன் மணி. கடைசியில் நான் பேசுவது. டாக்டர் ஒரு காது மிஷின் எழுதிக் கொடுத்தார். அதை அவர் காதில் வைத்ததைவிடச் சட்டைப் பையில் வைத்ததுதான் அதிகம். "இதைப் போட்டா நீ பாத்திரம் கழுவுறதுதான் இடி மாதிரி கேக்குது. நீ பேசுறது கேக்கல" என்பார்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு பள்ளி விற்ற பழைய வேனை அவர் வாங்கி வந்தார். பாடி கட்டும் பட்டறையில் சொல்லி உள்ளே இருந்த சீட்டுகளை எடுத்துவிட்டு, இரண்டு பேர் படுக்கிற கட்டில், ஒற்றை அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, பின் மூலையில் மறைப்புக்குள் ஒரு சின்னக் கழிப்பறை எல்லாம் வைத்தார். மஞ்சள் நிறத்தை மறைத்து வெள்ளை அடித்தார். ஜன்னல்களுக்கு நான் திரை தைத்தேன். எதற்கு இதெல்லாம் என்று கேட்டபோது அவர் ஜன்னல் அளவை எழுதிக்கொள்ளச் சொன்னார். மாசி பிறந்த வாரம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "ஒரு தடவ எல்லாரையும் பாத்துட்டு வந்துடலாம்" என்றார்.

"எல்லாரும்னா யாரு?"

என் உதட்டையே பார்த்துப் புரிந்துகொண்டு சொன்னார்: "சிறுவாச்சூர்ல என் சினேகிதன். அரியலூர்ல உன் சினேகிதி. வேற யாரு இருக்கா நமக்கு?"

அடுத்தவர் வீட்டில் தங்கினால் அவருக்குக் களைப்பு வந்துவிடும். நாலு பேர் பேசும்போது யார் வாயைப் பார்ப்பது என்று தெரியாமல் தவிப்பார். அரை மணி நேரத்தில் முகம் சுருங்கிவிடும். வண்டி இருந்தால் எழுந்து வந்து கதவைச் சாத்திக்கொள்ளலாம் அல்லவா. அதற்காகத்தான் இவ்வளவும் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. அவர் காது முழுதாகப் போவதற்கு முன் சினேகிதன் குரலை ஒரு தடவை கேட்டுவிட நினைத்தார். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

வண்டியை அவரேதான் ஓட்டினார். சரியில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதற்கு நாங்களே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவருக்குக் காதாக இருப்பேன். பின்னால் ஹாரன் கேட்டால் அவர் தோளில் ஒரு தட்டு. அவர் இடது பக்கம் ஒதுங்குவார். இரண்டு தட்டு என்றால் நிறுத்த வேண்டும். சேலம் வருவதற்குள் அவர் தோளை எத்தனை தடவை தட்டினேனோ, விரல் நுனி வலித்தது.

வேறு பேச்சு கிடையாது. ஓட்டுகிறவர் ரோட்டைத்தான் பார்க்க வேண்டும், என் உதட்டை அல்ல. வழியில் வேப்பமரம் முழுக்கக் கொக்கு உட்கார்ந்திருந்தது. "பாத்தீங்களா" என்று சொல்லிவிட்டு, சொன்னதை நானே விழுங்கிக்கொண்டேன். ஆத்தூருக்கு அப்புறம் கடைப் பலகைகளை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தேன். உரக்கடை, செல்போன் ரிப்பேர், பிரியாணி, பல் ஆஸ்பத்திரி. என் குரலை நானாவது கேட்கலாமே என்று.

பெரம்பலூர் வந்ததும் அவர் குரும்பலூர் பக்கம் திரும்பினார். அவர் பிறந்த ஊர். வீடு இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். தெருவில் ஒரு தடவை மெதுவாகப் போய்விட்டு, நிறுத்தாமல் திரும்பி வந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் வண்டியின் பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிறுவாச்சூருக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தது வெள்ளிக்கிழமை. காளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும் என்பதால் அன்று வண்டி நிறுத்தவே இடமில்லை. அவருடைய சினேகிதர் கோயில் வழியில் பூசைச் சாமான் கடை வைத்திருக்கிறார். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள், ஒன்றாக ஓசூருக்கு வேலை தேடி வந்தவர்கள். நாலு வருஷம் ஒரே ரூமில் இருந்துவிட்டு, "அந்தச் சத்தம் நமக்கு ஆவாதுடா" என்று சொல்லி அவர் மட்டும் ஊருக்குத் திரும்பிவிட்டார். கல்யாணம் கட்டிக்கொண்டு கடை போட்டார். கடைசியாக நாங்கள் பார்த்து ஒன்பது வருஷம் இருக்கும்.

கடையில் கூட்டம் மொய்த்தது. சினேகிதர் எலுமிச்சம்பழத்தை ஊசியில் கோத்துக்கொண்டே என்னவரைப் பார்த்துவிட்டார். எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இளைத்திருந்தார். பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தார். "தங்கச்சி, நீ போய் அம்மனைப் பாத்துட்டு வந்துரு, வரிசை சீக்கிரம் போவுது" என்றார். அவர் மனைவியைத் தேடினேன். வீட்டில் சமையலாக இருக்கும், போய்விட்டு வந்து கேட்கலாம் என்று வரிசையில் போய் நின்றேன். அந்த ஒன்றை நான் முதலிலேயே கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கோயிலுக்குள் பெண்கள் மாவிளக்குக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தார்கள். முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. குங்குமத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குத் திரும்பும்போது இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்பது தூரத்திலிருந்தே தெரிந்தது. சினேகிதர் குனிந்து பழம் கோத்துக்கொண்டே பேசினார். குனிந்திருந்ததால் உதடு தெரியவில்லை. என்னவர் புரிந்த மாதிரி தலையாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். கேட்காதபோது அவர் அப்படித்தான் செய்வார். பத்தில் எட்டுத் தடவை அது பொருந்திவிடும்.

நான் கிட்டே வரும்போது சினேகிதர் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஐப்பசியில போயிட்டாடா. மூணு மாசம் திருச்சி ஆஸ்பத்திரிக்கும் வூட்டுக்கும் அலைஞ்சோம். ஒண்ணும் கேக்கல. உனக்கு ரெண்டு தடவ போன் பண்ணேன், நீ எடுக்கல."

என் கணவர் நன்றாகச் சிரித்தார். "நல்லது, நல்லது. ரொம்ப சந்தோஷம்டா" என்றார்.

சினேகிதர் கையில் ஊசி அப்படியே நின்றுவிட்டது. தேங்காய் வாங்க வந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். நான் ஓடி வந்து, "அண்ணே, அவருக்குக் காது கேக்காதுண்ணே" என்றேன்.

"யாருக்கு?"

"அவருக்குத்தான். இப்ப நாலஞ்சு வருஷமா. நீங்க சொன்னது ஒண்ணும் கேட்டிருக்காது."

சினேகிதர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இவ்ளோ நேரம் பேசிக்கிட்டுத்தான இருந்தோம்" என்றார். அவர் நம்பவில்லை. நம்ப முடியாது. ஒரு வாடிக்கையாளர் மாலை கேட்டார். அவர் எடுத்துக் கொடுத்தார். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. என் கணவர் சிரித்த முகத்தோடு, "என்ன சொல்றான்?" என்று என்னைக் கேட்டார்.

வண்டிக்குக் கூட்டி வந்துதான் சொன்னேன். எதிரில் உட்கார்ந்து மெதுவாக, "அண்ணி போயிட்டாங்க" என்றேன். "எங்க போயிருக்கா?" என்று கேட்டார். மறுபடி சொன்னேன். மறுபடி அதே கேள்வி. அந்த வார்த்தையை நான் உதட்டால் எவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியும்? காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதிக் காட்டினேன். படித்தார். தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார். பிறகு, "நான் என்ன சொன்னேன் அவன்கிட்ட?" என்றார்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். "நல்லதுன்னீங்க. ரொம்ப சந்தோஷம்னீங்க" என்றேன்.

அவர் கட்டிலில் போய்ச் சுவர் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் ரவை வறுத்து உப்புமா கிளறினேன். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. கோயில் சாத்தியிருந்ததால் தெருவே காலியாக இருந்தது. விடிந்ததும் அவர் குளித்துவிட்டு, காது மிஷினைக் காதில் மாட்டிக்கொண்டு, தானாகவே சினேகிதர் வீட்டுக்கு நடந்து போனார். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். பத்து மணி வாக்கில் மனசு கேட்காமல் அந்த வீட்டுப் பக்கம் போனேன். வாசலில் சின்ன வெங்காயம் மலையாகக் குவிந்திருந்தது. சினேகிதருக்கு அரை ஏக்கர் இருக்கிறது. இரண்டு பேரும் எதிரெதிரே சாக்கைப் போட்டு உட்கார்ந்து, வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிவாள்மனையில் அறுத்து அறுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சில்லை. ஒரு சமயம் சினேகிதர் தலையை நிமிர்த்தி, வாயை நன்றாகத் திறந்து ஏதோ சொன்னார். என்னவர் கேட்டுக்கொண்டு தலையசைத்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. உள்ளே போய் இரண்டு டம்ளர் தண்ணீர் எடுத்து வந்து ஒன்றைச் சினேகிதருக்குக் கொடுத்தார். தன் வீட்டில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

நான் வந்ததைக் காட்டிக்கொள்ளாமல் வண்டிக்குத் திரும்பிவிட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே வேறு ஒன்றும் இருந்தது. அவர் என்னோடு அப்படி எதிரில் உட்கார்ந்து எத்தனை நாள் ஆகிறது என்று யோசித்தேன். நாலு வருஷமாக அவருக்கு நான் உலகத்தில் உள்ளவர்கள் சொல்வதையெல்லாம் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டாக்டர் சொன்னது, கேஸ் சிலிண்டர்காரர் சொன்னது, மாடி வீட்டுக்காரர் சொன்னது. நான் சொல்வதை யாரும் திருப்பிச் சொல்வதில்லை.

மத்தியானம் ஒரு பாட்டியம்மா வண்டிக் கதவைத் தட்டினார். "இது கண்ணு டெஸ்டு பண்ற வண்டிதான?" என்றார். இல்லைம்மா என்றேன். "இவ்ளோ தூரம் வெயில்ல வந்துட்டனே" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார். டீ போட்டுக் கொடுத்தேன். இடது கண்ணில் புகை மாதிரி தெரிகிறது என்றார். மகன் திருப்பூரில் இருக்கிறான், மருமகளுக்கும் தனக்கும் ஆகாது என்றார். வண்டிக்குள் எட்டிப் பார்த்து, "அடுப்பு, கட்டிலு எல்லாம் இருக்கு. எங்க இருக்கு சாமி படம்?" என்று கேட்டார். வைக்கவில்லை என்றேன். "அப்ப இது வூடு இல்ல, வண்டிதான்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று பகல் முழுக்க நான் வாயைத் திறந்து பேசியது அவரோடு மட்டும்தான். போகும்போது, பெரம்பலூர் பெரியாஸ்பத்திரியில் கண் பார்க்கிறார்களே என்றேன். "யாரு கூட்டிப் போவா" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தார்.

சாயங்காலம் என் கணவர் வெங்காய வாசனையோடு வந்தார். கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். "அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். வுடுடான்னுட்டான்" என்றார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, "நாளைக்கு ஊருக்குத் திரும்பிடலாம்" என்றார்.

"அரியலூரு?"

"போதும். இன்னொரு வூட்ல போய் இன்னொரு தடவ இப்படி ஆவணுமா?"

"எனக்கு அவளைப் பாக்கணும். இருபத்தேழு வருஷமாச்சு."

"போன்ல பேசிக்கிட்டுத்தான இருக்க."

அவரால் பேசக்கூட முடியாத போன் எனக்குப் போதும் என்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் குரல் ஏறியது. உங்கள் சினேகிதனைப் பார்த்தாகிவிட்டது, அதோடு எல்லாம் முடிந்ததா என்று கேட்டேன். நாலு வருஷத்தில் சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டினேன். அவர் கொஞ்ச நேரம் என் உதட்டைப் பார்த்தார். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்குச் சண்டை முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே இன்னும் நாலு வார்த்தை பேசினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் எதுவும் சொல்லாமல் வண்டியை எடுத்தார். பெரம்பலூர் வந்ததும் வந்த வழியே ஆத்தூர் ரோட்டைப் பிடிக்காமல் அரியலூர் ரோட்டில் திருப்பினார். அதுதான் அவருடைய சம்மதம். முகம் மட்டும் இறுகியிருந்தது. நானும் திரும்பிப் பார்க்காமல் ஜன்னல் வழியாகப் பருத்திக் காட்டையும் மக்காச்சோளக் காட்டையும் பார்த்துக்கொண்டு வந்தேன். காது மிஷின் மறுபடியும் பையில் இருந்தது.

அரியலூர் நெருங்க நெருங்க சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரிகள் வர ஆரம்பித்தன. எதிரில் வருவது அவருக்குத் தெரியும். பின்னால் வருவது என் பொறுப்பு. இரண்டு மூன்று தடவை தட்டினேன். அவர் ஒதுங்கினார்.

அப்புறம் ஒரு ஹாரன் கேட்டது. நீளமாக, கிட்டத்தில். முன்னால் ஒரு சைக்கிள்காரர் சோளத்தட்டைக் கட்டு வைத்துக்கொண்டு போனார். அவரைத் தாண்ட என் கணவர் வண்டியை வலது பக்கம் எடுக்கப்போகிறார் என்று தெரிந்தது. ஹாரன் இரண்டாவது தடவை கேட்டது.

நான் தட்டவில்லை.

தூங்கிவிட்டேன் என்றோ, வேறு யோசனையில் இருந்தேன் என்றோ சொல்லலாம். அது பொய். கேட்டது. கை மடியில் இருந்தது. தூக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டால், ஒரு மூச்சு நேரம். தட்டாமல் இருந்தால் என்ன ஆகும் என்றெல்லாம் நினைக்கவில்லை. எப்போது பார்த்தாலும் நான்தானா என்று மட்டும் இருந்தது.

அடுத்த நொடி டமாலென்று சத்தம். வலது பக்கக் கண்ணாடி பிய்ந்து பறந்தது. வண்டி ஒரு உலுக்கு உலுக்கி இடது பக்க மண்ணில் இறங்கி நின்றது. உள்ளே பாத்திரமெல்லாம் உருண்டது. சைக்கிள்காரர் தள்ளிப் போய் ஒரு காலை ஊன்றி நின்று திரும்பிப் பார்த்தார். அவருக்கு ஒன்றுமில்லை. எங்களுக்கும் ஒன்றுமில்லை. லாரி ஐம்பதடி தள்ளிப் போய் நின்றது.

லாரிக்காரர் இறங்கி ஓடி வந்தார். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். பயத்தில் முகம் வெளுத்திருந்தது. "யோவ், அவ்ளோ ஹாரன் அடிக்கிறேன், காதுல என்ன பஞ்சா வச்சிருக்க?" என்று கதவைத் தட்டினார். என் கணவர் அவர் வாயைப் பார்த்தார். வேகமாகப் பேசியதால் புரியவில்லை. என் பக்கம் திரும்பி, "என்ன சொல்றாரு?" என்றார்.

நான் இறங்கிப் போனேன். "அவருக்குக் காது கேக்காதுங்க" என்றேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

லாரிக்காரருடைய கோபம் சட்டென்று இறங்கிவிட்டது. என் கணவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்புறம் ஏம்மா ஓட்ட வுட்டீங்க?" என்றார்.

நான் குனிந்து, விழுந்து கிடந்த கண்ணாடியை எடுத்தேன். லாரியில் கீறல்கூட இல்லை என்று பார்த்துவிட்டு, "பாத்துப் போங்கம்மா" என்று சொல்லிப் போய்விட்டார்.

என் கணவர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். கையை ஸ்டியரிங்கில் வைத்திருந்தார். பிறகு சாவியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, இறங்கிச் சுற்றி வந்து, என் சீட்டில் ஏறிக்கொண்டார். எனக்கு லைசென்ஸ் உண்டு. பள்ளிக்கூடத்துக் காரை நாலைந்து வருஷம் ஓட்டியிருக்கிறேன். இவ்வளவு பெரிய வண்டியை ஓட்டியதில்லை. முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமாக அரியலூர் வரை உருட்டிக்கொண்டு வந்தேன். வழி நெடுக அவர் கதவுப் பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்திக்கொண்டே வந்தார்.

என் சினேகிதியும் நானும் அரியலூரில் ஒரே டைப்ரைட்டிங் கிளாசில் படித்தவர்கள். கல்யாணம் ஆகும்வரை ஒருத்தி நினைப்பது இன்னொருத்திக்குத் தெரியும். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் அவள் அப்பா இறந்தபோது பார்த்தது. அப்புறம் எல்லாம் போன்தான். இந்தப் பயணத்தில் நான் எனக்கென்று நினைத்துக்கொண்டு வந்தது ஒன்றுதான்: அவளோடு ஒரு பகல் முழுக்க உட்கார வேண்டும். இப்போது சொல்வதற்கு ஒரு விஷயமும் சேர்ந்துவிட்டது. தட்டாமல் மடியில் கிடந்த என் கையைப் பற்றி அவளிடம்தான் சொல்ல முடியும் என்று நினைத்தேன்.

வாசலுக்கு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "என்னடி, நீயா ஓட்டிக்கிட்டு வர்ற?" என்று வாயில் கை வைத்தாள். உள்ளே அழைத்துப் போனாள். அவள் மகள் பிரசவத்துக்கு வந்து, குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் அன்று மத்தியானம் பார்க்க வருகிறார்களாம். நேற்றுத்தான் சொன்னார்களாம். அடுப்பில் மூன்று குக்கர். "நீ வர்ற அன்னைக்குப் பாத்தா இப்படி ஆவணும்" என்று சொல்லிக்கொண்டே தேங்காய் துருவினாள். நான் அரிவாள்மனையை வாங்கிக் காய் அரிந்தேன். பேச ஆரம்பிக்கும்போதெல்லாம் யாராவது கூப்பிட்டார்கள். "இருடி, வந்துர்றேன்" என்று போவாள். திரும்பி வரும்போது வேறு எதையோ பேசிக்கொண்டு வருவாள்.

கூடத்தில் என் கணவர் மடியில் குழந்தையை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அது வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அவர் அசையாமல் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழுகை அவருக்கு எட்டவில்லை. வாய் திறந்து மூடுவதுதான் தெரிந்திருக்கும். "அண்ணனுக்கு எவ்ளோ பொறுமை பாரு. எங்க வூட்டுக்காரரா இருந்தா எழுந்து தெருவுக்குப் போயிருப்பாரு" என்றாள் சினேகிதி. நான் அடுத்த காயை எடுத்து அரிந்தேன். அவர் காதைப் பற்றி அவளிடமும் நான் போனில் முழுதாகச் சொன்னதில்லை. கொஞ்சம் மந்தம் என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன் அவளுக்குப் பத்து நிமிஷம் கிடைத்தது. பின்கட்டில் துவைக்கிற கல்லில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லுடி. எப்படி இருக்க?"

வழியெல்லாம் நான் காத்துக்கொண்டிருந்த கேள்வி அது. வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே, "உனக்கென்னடி, கொடுத்து வச்சவ. புருஷனும் பொண்டாட்டியும் வண்டியக் கட்டிக்கிட்டு ஊர் ஊராச் சுத்துறீங்க. என்னைப் பாரு, உக்கார நேரமில்ல. ஒரு நாளாவது யாரும் கூப்புடாம இருக்கணும்னு இருக்கு எனக்கு" என்றாள். கண்ணில் தண்ணீர் தளும்பியது. அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு நிஜமாகவே அப்படித்தான் இருந்தது.

"நல்லா இருக்கேன்டி" என்றேன்.

வாசலில் கார் சத்தம் கேட்டது. அவள் என் கையை அழுத்திவிட்டு எழுந்து ஓடினாள். நான் துவைக்கிற கல்லில் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கொடியில் குழந்தைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

மூன்று மணிக்குக் கிளம்பிவிட்டோம். தங்கச் சொன்னாள். வண்டியில் எதற்குப் படுக்க வேண்டும், மாடியில் ரூம் இருக்கிறது என்று கோபித்துக்கொண்டாள். இன்னொரு தடவை வருகிறேன் என்றேன். ஒரு தூக்குவாளியில் புளிசாதமும் வடையும் வைத்துக் கொடுத்தாள். தெரு முனை திரும்பும்வரை வாசலில் நின்றாள்.

ஊருக்குள்ளேயே ஒரு ஏரிக்கரை இருக்கிறது. அங்கே வண்டியை நிறுத்தினேன். தண்ணீர் பாதிக்குத்தான் கிடந்தது. அவர் இறங்கி, உடைந்த கண்ணாடியின் கம்பியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கு எதிரில் போய் நின்றேன். வெளிச்சம் என் முகத்தில் விழுகிற மாதிரி திரும்பி நின்று, மெதுவாகச் சொன்னேன்.

"எனக்கு ஹாரன் கேட்டுது. நான் தட்டல."

அவர் என் உதட்டைப் பார்த்தார். புரியவில்லையோ என்று மறுபடி சொன்னேன். கையைத் தூக்கி, தட்டுவதுபோலக் காட்டி, இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"கோவமா இருந்தியா?" என்றார்.

"ஆமா."

"அவ்ளோ கோவமா?"

"ஆமா."

கம்பியைப் பிடித்தபடியே நின்றார். "சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

"எத்தனை தடவ சொல்றது?"

அது அவருக்குப் புரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பிறகு அவர் வண்டிக்குள் போய்த் தூக்கை எடுத்து வந்தார். கரையில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். எனக்கு முதலில் வைத்துவிட்டுத் தனக்கு வைத்துக்கொண்டார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. இரண்டு நாள் எடுத்துக்கொண்டு, நானே ஓட்டி ஓசூர் வந்து சேர்ந்தோம்.

இதெல்லாம் நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர் அதற்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. நானும் கேட்கவில்லை. காது மிஷினைச் சாப்பிடும் நேரத்தில் மட்டும் போட்டுக்கொள்கிறார். நான் பாத்திரத்தை மெதுவாக வைக்கிறேன். ஒரு நாளுக்கு நாலு வாக்கியமாவது பேசிக்கொள்கிறோம். முன்பு அதுவும் இல்லை.

சினேகிதி வாரம் ஒரு முறை குழந்தையின் படம் அனுப்புகிறாள். தவழ்கிறது, நிற்கிறது, பல் முளைத்துவிட்டது. நான் உடனே பதில் போடுவேன். அன்றைக்கு நான் சொல்ல வந்தது அவளுக்குத் தெரியாது. இனிமேல் சொல்லுவேன் என்று தோன்றவில்லை.

சிறுவாச்சூர் சினேகிதர் செவ்வாய்க்கிழமைகளில் கூப்பிடுகிறார். கடையில் வேலை இல்லாத நாள். என் போனுக்குத்தான் கூப்பிடுவார். "அவன் எப்படி இருக்கான் தங்கச்சி?" என்று ஆரம்பிப்பார். அப்புறம் அவர் மனைவியைப் பற்றிச் சொல்லுவார். கடைசி மாதத்தில் கஞ்சிகூட இறங்கவில்லை என்று. ஆஸ்பத்திரியில் ஜன்னல் பக்கத்துக் கட்டில் வேண்டும் என்று கேட்டாளாம், கிடைக்கவில்லை என்று. சில நாள் அரை மணி நேரம் பேசுவார். இடையில் நான் உம் கொட்டுவேன். அவருக்கும் பேச வேறு ஆள் இல்லை என்று தெரிகிறது.

என் கணவர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் போனை வைத்ததும், "என்ன சொன்னான்?" என்பார்.

"உங்கள விசாரிச்சாரு" என்பேன்.